மூவரும் ஒத்துக்கொள்ளாத வரிகள்

மேகங்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து போகும் ஒரு மலை மடம். அங்கே யுவான்ஜிங் என்ற பெண் துறவி இருந்தார். அவருடைய சீடர் டாவ் ஷெங், குருவைவிட வயதில் மூத்தவர். கீழே நகரத்தில், மக்கள் இணையத்தில் எழுதும் பதிவுகளைப் படித்து அவற்றிலுள்ள உணர்ச்சியைச் சொல்லும் இயந்திரம் ஒன்றைச் செய்தவர்.

ஒரு நாள் மதியம் சீடர் மூச்சு வாங்க மலையேறி வந்தார். குரு தேநீர் ஊற்றினார். ஆவி எது, மேகம் எது என்று தெரியவில்லை.

"குருவே, கல்யாணப் பேச்சில் கோபித்துக்கொண்டு வெளியூருக்குப் போன என் மகள் என் போனை எடுப்பதே இல்லை. ஆனால் தினமும் ஏதாவது பதிவு போடுகிறாள். அதை இயந்திரத்திடம் காட்டுவேன். மகிழ்ச்சி என்று சொல்லும். சந்தோஷமாக இருக்கிறவளை ஏன் தொந்தரவு செய்வது என்று நானும் போகாமலே இருந்துவிட்டேன்."

"இன்று ஏன் இங்கே வந்தீர்கள்?"

சீடர் போனைப் பார்த்துப் படித்தார். "'அப்பாவின் பேரிக்காய் மரம் இந்நேரம் காய்த்திருக்கும். எனக்கென்ன. ஹா ஹா.' இதற்கும் மகிழ்ச்சி என்கிறது. நம்பலாமா?"

"அதற்கு யார் கற்றுக்கொடுத்தது?"

"நாங்கள்தான். ஒவ்வொரு பதிவையும் மூன்று பேர் படிப்பார்கள். கோபமா, துக்கமா, மகிழ்ச்சியா என்று தனித்தனியாகச் சொல்வார்கள். மூவரும் ஒன்றையே சொன்னால் அதை இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுப்போம்."

"ஒத்துப்போகாவிட்டால்?"

"குப்பை. ஒதுக்கிவிடுவோம்."

"அந்தக் குப்பை இருக்கிறதா?"

போனிலேயே இருந்தது. எதையும் அழிக்க மனம் வராதவர் அவர்.

"வாசியுங்கள்."

"'இன்றும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன்.'"

"ம்."

"'மழை. குடை உன்னிடம் இருக்கிறது. நனைந்தால் என்ன, பரவாயில்லை.'"

"ம்."

"'நாய் உன் செருப்பில்தான் தூங்குகிறது. கொழுப்பு அதற்கு.'"

அவர் வாசித்துக்கொண்டே போனார். ஒரு மேகம் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது. குருவின் முகம் மறைந்தது. முகம் தெரியாத யார் யாரோ பக்கத்தில் அமர்ந்து மெல்லப் பேசுவதுபோல் சீடருக்கு இருந்தது.

மேகம் விலகியது.

"இப்போது மகளின் வரியை வாசியுங்கள்."

வாசித்தார். சிரிப்பு வரும் இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"அதில் என்ன இருக்கிறது?"

"சிரிக்கிறாள் என்று தோன்றுகிறது. திட்டுகிறாள் என்றும் தோன்றுகிறது. கூப்பிடுகிறாள் என்றும்..." சீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குள்ளேயே மூன்று பேர் ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள், குருவே."

குரு காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மூவரையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போங்கள். ஒரு டிக்கெட் போதும்."