கோணப்பட்டியார் சர்ச் பண்ணிய தாலி

கோணப்பட்டியில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். ஒச்சப்பன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கூட்டம். வீராயியைக் கட்டினால்தான் ஆச்சு என்று ஒரு வருஷமாகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தவன் அவன்.

அம்மா தாலியைக் கையில் கொடுத்து, "கழுத்தே போனாலும் இது போகக் கூடாதுடா" என்றாள். ஒச்சப்பன் யோசித்தான். கழுத்தும் தாலியும் ஒன்றாக இருந்தால் தனியாக எது போகும்? தன் கழுத்திலேயே கட்டி, மூன்று முடிச்சும் இறுக்கிப் போட்டு, மேலே சட்டையை மாட்டிக்கொண்டான். கழுத்தில் கல்யாண மாலை விழுந்த சந்தோஷத்தில் அந்த நினைப்பே போய்விட்டது.

முகூர்த்த நேரத்தில் பூசாரி சின்னாண்டி தாலிக்காகக் கையை நீட்டினார். ஒச்சப்பன் மடியை உதறினான், இடுப்பைத் தடவினான். நல்ல நேரம் தாண்டினால் வீராயியை வேறு எவனுக்காவது கொடுத்துவிடுவார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் சமையல் வேலை பார்த்த மொக்கையன் மாமா தொண்டையைச் செருமினார்.

"சும்மா தேடுனா கிடைக்காது. சர்ச் பண்ணணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"இல்லப்பா. தொலைச்சவன் பாத்தா அது தேடுறது. தொலைக்காதவனும் சேந்து பாத்தா அது இங்கிலீசு, சர்ச். ஒரு இடம் பாக்கி விடக் கூடாது. எல்லாரையும் தடவிப் பாக்கணும். சர்ச் பண்றவன் மேல மட்டும் கை வைக்கக் கூடாது, அதான் சட்டம்."

"அப்ப நானும் சர்ச் பண்றேன்" என்றார் பூசாரி. மேளக்காரரும் சேர்ந்தார், சமையல்காரரும் சேர்ந்தார். கடைசியில் தடவிப் பார்க்க ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

அதனால் பந்தலைப் பிரித்தார்கள். சாம்பாரைக் கவிழ்த்தார்கள். வடைகளைப் பிட்டுப் பிட்டுப் பார்த்தார்கள். பிட்டதை வீணாக்க முடியுமா, தின்றார்கள்.

"கிணத்துல பாத்தாச்சா?"

"பாத்தேன் மாமா. தண்ணி மறைக்குது" என்றான் ஒருவன்.

ஒச்சப்பன் மாலையையும் சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றை நோக்கி ஓடினான். பந்தல் போனதால் வெயில் தாங்காமல் தலை நிமிர்ந்த வீராயி, அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க கழுத்துல தொங்குறது என்ன?"

ஊரே கூடி நின்று பார்த்தது. பூசாரி முடிச்சைச் சோதித்தார்.

"கட்டுனது யாரு?"

"நான்தான் சாமி."

"கழுத்த நீட்டுனது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கல்யாணம் முடிஞ்சு போச்சுப்பா" என்று சொல்லி அட்சதையைத் தூவினார். மேளம் கொட்டியது.

ஒச்சப்பனுக்கு அழுகை முட்டியது. "அவுத்து வீராயிக்குக் கட்டிடுறேனே."

"கட்டுன புருசன் குத்துக்கல்லாட்டம் உசிரோட இருக்கையில தாலிய அவுக்கறதாவது. பேச்சப் பாரு" என்று அதட்டினார் பூசாரி.

அது நியாயமாகத்தான் பட்டது. புருசன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒச்சப்பன் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சாயங்காலம் அவனைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்ற வயிறு கேட்குமா, அம்மா வாசலில் புரண்டு அழுதாள். வண்டி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலில் வந்து நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆரத்தி எடுத்தாள்.

"வலது கால எடுத்து வச்சு உள்ள வா, மருமகளே."