போட்டோவுக்குக் கொடுத்த தையல் மிஷின்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா எங்க ஊர் சேவா சங்கத்துக்காரங்களுக்குக் கோபம் வரும்.

வியாழக்கிழமைதோறும் கூட்டம் போட்டு, ஒரு ஏழைக்குத் தையல் மிஷின் கொடுத்துப் போட்டோ எடுப்பாங்க. எடுத்ததும் மிஷினை உள்ளே வச்சுப் பூட்டிடுவாங்க. அடுத்த வாரம் அதே மிஷின், வேற ஆளு.

அந்த வாரம் மரியசெல்வி முறை. பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஒத்துக்கிட்டிருந்தா. நாளைக்குள்ள மிஷின் வரலைன்னா துணி கைமாறிடும். மேடையில நின்னா. சங்கத் தலைவர் சேதுரத்தினம், அரிசி ஆலை முதலாளி, அவ காதுல சொன்னார்: "போட்டோ முடிஞ்சதும் மிஷினை வச்சிட்டுப் போயிடணும். மைக்ல நன்றி மட்டும் சொல்லு. வேற பேசினே, ஊர்ல எவனும் உனக்குத் துணி தரமாட்டான்."

சங்கத்தோட மாவட்டப் பெரிய தலைவர் விருந்தாளியா வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தார். மரியசெல்வி மைக்கைப் பிடிச்சா.

"நன்றிங்க ஐயா. மிஷினை உங்க கார்லயே கொண்டாந்து வீட்ல இறக்கித் தரேன், பெரியவரையும் கூட்டியாரேன்னு இப்பக் காதுல சொன்னீங்களே, அதுக்கும் நன்றி. எங்க தெருவே வாசல்ல காத்துக்கிட்டிருக்கு."

மண்டபமே கைதட்டுச்சு. "அடடே, வாங்க சேதுரத்தினம், போவோம்!"னு பெரியவர் எழுந்துட்டார். சேதுரத்தினம் வேர்த்து வழிய, சிரிச்சுக்கிட்டே பின்னால போனார்.

காருல ஏறினதும் மரியசெல்வி மிஷினைத் தூக்கி அவர் மடியில வச்சா.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க ஐயா. எங்க தெரு ரோடு சரியில்லை."