பின் இன்ஜினில் ஓர் இருக்கை

மலை ஏறும் சரக்கு ரயில்களை ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கூடத்தில்தான் பயிற்சி. உள்ளே ரயில் கிடையாது. இரண்டு அறைகள். ஒன்றை முன் இன்ஜினைப் போலவும் மற்றொன்றைப் பின் இன்ஜினைப் போலவும் அமைத்திருந்தார்கள். கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் திரை. அதில் தண்டவாளம் ஓடும், பாறை ஓடும், மழை பெய்யும். இருக்கைகூட அதிரும்.

மெகருன்னிசா அங்கே ஆசிரியர். அவரிடம் கற்க வந்திருந்த நல்லபெருமாள் அவரைவிட வயதில் மூத்தவர்.

போன மழைக்காலத்தில் நல்லபெருமாள் ஓட்டிய சரக்கு வண்டி ஏற்றத்தில் நடுவே அறுந்துபோனது. முன்னால் இரண்டு இன்ஜின்கள் இழுத்தன, பின்னால் ஒன்று தள்ளியது. முன்னால் இருந்தவர் நல்லபெருமாள். பின்னால் அவருடைய நண்பர் ஞானதிரவியம். அறுந்த பாதி ஈரத்தில் நிற்காமல் பின்னோக்கி இறங்கியது. ஞானதிரவியம் தன் உதவியாளரைக் குதிக்கச் சொன்னார். அவன் குதித்துத் தப்பினான். ஞானதிரவியம் குதிக்கவில்லை. கீழே வளைவில் எல்லாம் கவிழ்ந்தது. இரும்பை வெட்டித்தான் அவர் உடலை வெளியே எடுத்தார்கள்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கியில் பழைய விரிசல் இருந்தது என்று விசாரணை முடிந்தது. யார் மேலும் தவறில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் தேறாமல் நல்லபெருமாள் மறுபடி மலைப்பாதையில் வண்டி ஓட்ட முடியாது.

"முன்னால இருக்கறவர் அவசரப்பட்டா கொக்கி அறும். பின்னால இருக்கறவர் அவசரப்பட்டா பெட்டி தடம்விட்டு எகிறும்" என்று மெகருன்னிசா முதல் நாளே சொல்லியிருந்தார். வேறு அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

நல்லபெருமாள் நன்றாகவே ஓட்டினார். கடைசிப் பயிற்சியில் முழுச் சுமையோடு, ஒரு குலுக்கல் இல்லாமல் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"போதும் சார். நீங்க தேறிட்டீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவன் ஏன் குதிக்கல?"

நல்லபெருமாளே தொடர்ந்தார்.

"முதல்ல ஆள் நடக்கிற வேகத்துலதான் வண்டி எறங்கிச்சு. அடுத்தவனைக் குதின்னு சொல்லத் தெரிஞ்சவனுக்குத் தான் குதிக்கத் தெரியாதா? அவன் சம்சாரம் எமிலி பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேக்கா. எங்களை ஒரு நிமிஷம்கூட நெனைக்கலையா அண்ணாச்சின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? எனக்கே அவன் மேல கோவம். இப்ப அவங்க தெருவுக்கே நான் போறதில்ல."

மெகருன்னிசா எழுந்துபோய் மற்ற அறையின் கதவைத் திறந்தார்.

"இங்க உட்காருங்க."

"பின் இன்ஜின் நான் ஓட்டினதே இல்லையே மேடம்."

"தெரியும். நீங்க எப்ப எழுந்தாலும் திரை நின்னுடும். குதிச்சுப் பொழைச்சதா கணக்கு."

மெகருன்னிசா முன் அறைக்குப் போனார். வாக்கி டாக்கியில் குரல் வந்தது.

"பின்னால தயாரா?"

"தயார்."

வண்டி கிளம்பியது. நல்லபெருமாள் எதிரில் பாதையைத் தேடினார். பாதை தெரியவில்லை. கடைசிப் பெட்டியின் முதுகு மட்டும் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. துருவேறிய இரும்பு, அதில் வழியும் மழை. கூட்டச் சொன்னால் கூட்டினார், குறைக்கச் சொன்னால் குறைத்தார். எங்கே வளைவு, எவ்வளவு ஏற்றம், எதுவும் தெரியாமல் தள்ளிக்கொண்டே போனார்.

திடீரென்று ஓர் அதிர்ச்சி. இருக்கை தூக்கிப்போட்டது. ஒரு கணம் எல்லாம் அசையாமல் நின்றன. பிறகு பக்கத்துப் பாறைகள் மெல்ல எதிர்த் திசையில் நகர ஆரம்பித்தன.

அவர் பிரேக்கை இழுத்தார்.

உடனே எழுந்துவிடுவது என்று நினைத்துத்தான் அவர் உட்கார்ந்திருந்தார். பாறைகள் நகர்ந்தன. இரண்டு கைகளாலும் பிரேக் பிடியை அழுத்தினார். பாறைகள் ஓடின. உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். பெட்டியின் முதுகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. திரை இருண்டது.

மெகருன்னிசா வந்து விளக்கைப் போட்டார். நல்லபெருமாளின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை இன்னும் பிடியில்தான் இருந்தது.

"ஏன் எழுந்திரிக்கல?"

"எழுந்திரிக்கணும்னுதான் இருந்தேன்."

"என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"எனக்குக் கேட்டுது. 'பிடிக்குது, பிரேக் பிடிக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

நல்லபெருமாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவனும் அன்னிக்கு வாக்கி டாக்கியில அதைத்தான் சொன்னான். கடைசி வரைக்கும். என்னைத் தேத்துறதுக்குப் பொய் சொல்றான்னு நெனச்சேன்."

"நீங்க பொய்யா சொன்னீங்க?"

"இல்ல மேடம். நிஜமாவே பிடிச்சுது. என் கைக்குத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நின்னிருக்கும்."

மெகருன்னிசா குனிந்து, பிடியில் இறுகியிருந்த அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

"இந்தப் பிடியில இன்னிக்கு நான் பிரேக்கை இணைக்கவே இல்ல, சார்."