கடல் எங்கே தொடங்குகிறது?

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கொடுவாமீன் குழம்பு என்றால் அவருக்கு உயிர். மந்திரி நல்லாதன் யோசனை சொல்ல, "கரையோரம் குளம் வெட்டி யார் வேண்டுமானாலும் மீன் வளர்க்கலாம்" என்று அறிவித்தார். அதோடு விட்டாரா? அதற்கான விதிகளை எழுதும் வேலையை அரண்மனை அதிகாரி அம்பலக்கூத்தரிடம் கொடுத்தார். அவருக்கோ மந்திரிமேல் தீராத வயிற்றெரிச்சல். "குளம் கடலிலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று எழுதிவைத்தார்.

மாரிக்கண்ணு என்ற மீனவப் பெண் குளம் வெட்டினாள். கடல் வற்றிய நேரத்தில் அம்பலக்கூத்தர் வந்து கயிறு பிடித்தார். "இருநூற்று அறுபது! தூரம் அதிகம்." அவள் கடல் பக்கம் தள்ளி வெட்டினாள். இந்தமுறை கடல் ஏறிய நேரத்தில் வந்தார். "நூற்று நாற்பது! தூரம் போதாது." இப்படியே ஒரு மாதத்தில் நான்கு குளம். மனுஷி என்னதான் செய்வாள்? குடங்களில் காத்திருந்த கொடுவாக் குஞ்சுகள் தினமும் செத்து மிதந்தன. பன்னிரண்டு குடத்தில் மூன்றுதான் மிச்சம்.

அரசவைக்கு ஓடினாள். "கடல் ஏறி நிக்கிற எடத்துல காய்ஞ்ச பாசி ஒதுங்கிக் கெடக்குற கோட்டுலேருந்து அளங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மகாராசா. கேக்க மாட்டேங்குறாரு!"

"விதியில் பாசி இல்லை, கடல்தான் இருக்கிறது. தண்ணீர் தொடங்கும் இடமே கடல்" என்றார் அம்பலக்கூத்தர்.

"ஐயோ, மீனுக்கும் ஒரு வழக்கா!" என்று ராஜா சலித்துக்கொண்டார்.

நல்லாதன் எழுந்தான். "மன்னா, நாளைக் காலை தாங்களே அளந்துவிடுங்கள். கடல் தொடங்கும் இடத்தில் அம்பலக்கூத்தர் கயிற்று முனையைப் பிடித்து நிற்கட்டும். தாங்கள் சொல்லும்வரை அசையக் கூடாது."

"அசைவேனா நான்?" என்றார் அம்பலக்கூத்தர் மிடுக்காக.

மறுநாள் காலை கடல் வற்றியிருந்தது. அவர் தண்ணீர் ஓரத்தில் நின்றார். பந்தலில் ராஜாவுக்கு நல்லாதன் இளநீர் கொடுத்தான், வறுத்த மீன் கொடுத்தான், பழங்கதை பேசினான். தண்ணீர் அம்பலக்கூத்தரின் கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கும் ஏறியது. ஓர் அலை முகத்தில் அறைந்தது.

"மன்னா! கடல் என்னைத் தாண்டிப் போய்விட்டது!"

"எப்படிப் போகும்? கடல் தொடங்கும் இடத்தில்தானே நிற்கிறீர்?" என்று நல்லாதன் கேட்டான்.

"அது நகருகிறதய்யா!"

"அதைத்தானே இந்தப் பெண் ஒரு மாதமாகச் சொல்கிறாள்! நகராத இடம் எது?"

"பாசிக் கோடு! அங்கிருந்தே அளந்து தொலையுங்கள்!"

அளந்தார்கள். அவள் முதலில் வெட்டிய குளம் சரியாக இருநூறு அடியில் இருந்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூன்று குளம் வீணாக வெட்டவைத்தீரே, வெட்கமாயில்லை?" என்று அம்பலக்கூத்தரைப் பார்த்துக் கத்தினார். கழுத்து மாலையைக் கழற்றி மாரிக்கண்ணுவிடம் நீட்டினார்.

"மாலை குஞ்சைக் காப்பாத்துமா மகாராசா? கொடம் தூக்க ஆள் வேணும்!"

ராஜா ஒரு குடத்தைத் தூக்கினார். சொட்டச் சொட்ட நனைந்த அம்பலக்கூத்தரின் தலையில் இன்னொன்று ஏறியது. மூன்றாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அலுங்காமக் கொண்டாங்க!" என்று இருவரையும் அதட்டியபடி மாரிக்கண்ணு குளத்தைப் பார்த்து நடந்தாள்.