கோட்டைக்கு வழி கேட்ட மாப்பிள்ளைங்க

காலை ஆட்டாம படு. கதை வேணும்னா காலு சும்மா இருக்கணும். ம், இப்ப கேளு.

ஜப்பான்ல ஒரு ஊர்ல ஒரு அப்பாவும் பொண்ணும் இருந்தாங்க. ஊர் பேரு தோபினோ. நடுவுல ஒரு குன்னு, குன்னு மேல கோட்டை, கோட்டையைச் சுத்தி அகழி. அப்புறம் கீழ கொல்லர் தெரு, தச்சர் தெரு, மீன்காரத் தெரு, கோயில் தெருன்னு ஊர் முழுக்கத் தெருதான். ஆனா ஒரு தெருவாவது நேராப் போகுமா? போகாது. நாலு எட்டு வெச்சா திரும்பும், இன்னும் நாலு எட்டு வெச்சா சுவத்துல போய் முட்டும். எதிரி வந்தா கோட்டைக்கு வழி தெரியாம முழிக்கட்டும்னு ஒரு ராஜா வேணும்னே அப்படிக் கட்டினாரு. அதோட விட்டாரா? வெளியூர்க்காரன் எவன் வழி கேட்டாலும் தப்பாத்தான் சொல்லணும்னு உத்தரவு வேற போட்டாரு. எதிரி ஒருத்தனும் வரலை. இருநூறு வருஷம் ஓடிப்போச்சு. உத்தரவு மட்டும் அப்படியே இருந்துச்சு. ம் கொட்டு.

அந்த அப்பா பேரு மொகிச்சி. கோட்டை வாசலை ஒட்டி வீடு. தோஃபு விக்கிறவரு. தோஃபுன்னா சோயாப் பாலைத் திரிய வெச்சு செய்யற வெள்ளைக் கட்டி, நம்ம பன்னீர் மாதிரி இருக்கும். தினம் காலையில ஊர் முனையில இருக்கிற பாலத்துல நின்னுக்கிட்டு 'தோஓஓஃபூ, தோஓஓஃபூ'ன்னு கூவுவாரு. உத்தரவை மதிக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது.

அவர் பொண்ணு ஒதாகி. அம்மா இல்லாம வளர்ந்தவ, கெட்டிக்காரி. அவளுக்குக் கல்யாணம் ஆகலையேன்னு மொகிச்சிக்கு ஒரு கவலை. ஆயிட்டா தன்னை விட்டுட்டுப் போயிடுவாளேன்னு இன்னொரு கவலை. ரெண்டையும் சேர்த்து வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் புரளுவாரு.

அப்போ கல்யாணத் தரகர் ஒருத்தர் வெளியூர்ல ஒரு மாப்பிள்ளை பார்த்து, "கோட்டை வாசல்கிட்ட வீடு, வழி கேட்டுப் போ"ன்னு அனுப்பினாரு. அவன் பாலத்துக்கு வந்து மொகிச்சிகிட்டயே கேட்டான்.

"ஐயா, கோட்டை வாசலுக்கு எப்படிப் போகணும்?"

"இடது பக்கம் திரும்பு தம்பி."

போனான். தொபுக்! அகழிக்குள்ள விழுந்தான். எழுந்து சொட்டச் சொட்ட அவன் ஊருக்கே போயிட்டான். வீட்டுல மொகிச்சி, "நம்ம பொண்ணுக்கு என்ன குறைச்சல், ஏன் யாரும் வரலை"ன்னு அழுதாரு.

அப்புறம் ரெண்டாவது மாப்பிள்ளை வந்தான். "நேராப் போ தம்பி"ன்னாரு மொகிச்சி. போனான், போனான், கோயில் தெருவுல போய் முட்டினான். சாமியாருங்க சுடச்சுட சோறு போட்டாங்க. டங்குன்னு மணி அடிச்சாங்க. ரொம்ப நல்லா இருக்கேன்னு மொட்டை அடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டான். மொகிச்சி அன்னைக்கும் அழுதாரு. சிரிக்காதே, பாவம்.

மூணாவதா ஹெய்தான்னு ஒருத்தன் வந்தான். குடை செய்யறவன். "வலது பக்கம் போ தம்பி"ன்னாரு. டக் டக் டக்னு மரச்செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனான். மீன்காரத் தெருவைச் சுத்திட்டு பாலத்துக்கே வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். மூணாந் தடவை மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னு, "பெரியவரே, மொகிச்சி வீட்டுல பொண்ணு பார்க்கணும், நேரம் ஆகுது"ன்னான்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த ஒதாகி அதைக் கேட்டுட்டா.

"அப்பா, இதுக்கு முன்னாடியும் யாராவது வழி கேட்டாங்களா?"

"ரெண்டு பேரு கேட்டாங்கம்மா. எனக்கா சொல்லத் தெரியாது? அகழிக்கு ஒருத்தன், கோயிலுக்கு ஒரு..."

அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. தோஃபு வாளியைக் கீழ வெச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. என்ன பிரயோஜனம்?

ஒதாகி ஹெய்தாவைப் பார்த்து, "என் பின்னாடி வாங்க"ன்னு சொல்லி நடந்தா. வீடு வந்துச்சு, சாப்பிட்டான், சம்மதம்னான். "ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிட்டு வரேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒதாகியை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்"ன்னான்.

பொண்ணு போயிடுவாளேன்னு மொகிச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆனாலும் பிறந்ததுல இருந்து முதல் தடவையா வெளியூர்க்காரனுக்குச் சரியான வழி சொன்னாரு. "இடது பக்கம் போனா பாலம் வந்துடும், மாப்பிள்ளை."

வாசல்ல ஒதாகி நின்னா. "வலது பக்கம் போங்க"ன்னா.

டக் டக் டக்னு போனான். கொஞ்ச நேரத்துல டக் டக் டக்னு அதே வாசலுக்கு வந்தான். மறுபடியும் போனான், வந்தான். மூணாந் தடவையும் வந்து நின்னப்போ பொழுது சாஞ்சிருச்சு.

"ஏம்மா தப்பா சொன்னே?"ன்னாரு மொகிச்சி.

"சரியாச் சொன்னா என்னையும் கூட்டிட்டுப் போயிடுவாருப்பா. அப்புறம் உனக்கு யாரு இருக்கா?"ன்னு அழுதுட்டா.

அப்போ ஹெய்தா செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சான். "மாமா, பாலத்துல இருந்து ஒதாகி பின்னாடிதானே நடந்து வந்தேன்? வலது பக்கம் தப்பு வழின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போனேன். எங்கம்மாவை இங்கயே வரச்சொல்றேன். குடையை எந்த ஊர்ல செஞ்சா என்ன?"

அப்புறம் நாலு பேரும் அந்த வீட்டுலயே இருந்தாங்க. கதை வீடு போய்ச் சேந்தாச்சு. நீயும் தூக்கத்துக்குப் போய்ச் சேரு, கண்ணு.