வெறும் வாயோடு ஓடிய ஒத்திகை

அல்லிக்குளத்துக் கரையடியில் எலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது குறுவாலி என்ற தாயெலியின் வளை. போன ஐப்பசியில் குளம் வழிந்தபோது அவளுடைய நான்கு குட்டிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த வருஷம் ஏழு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. மேகம் கறுத்தாலே அவள் குட்டிகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

எலிகளின் தலைவர் பெருமீசையும் சும்மா இருக்கவில்லை. வெள்ளக் காவல் குழு ஒன்று அமைத்தார். தலைவர் அவரே, உறுப்பினர்கள் அவருடைய தம்பிமார். கரைமேல் இருக்கும் தவளை மூன்று முறை கத்தினால் எல்லோரும் புற்றுமேட்டுக்கு ஓட வேண்டும். அதுதான் திட்டம். ஒத்திகையும் பார்த்தார்கள். காவல் குழு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பத்து மூச்சு விடுவதற்குள் மேடு ஏறிவிட்டது.

"பார்த்தீங்களா? இனி வெள்ளம் வந்தா என்ன, அதோட அப்பன் வந்தா என்ன!" என்று மீசையை முறுக்கினார் பெருமீசை.

"தலைவரே, ஓடும்போது உங்க வாயில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் குறுவாலி.

"வாயிலயா? ஒண்ணுமில்லையே."

"அதான் சீக்கிரம் வந்துட்டீங்க. எனக்குக் குட்டி ஏழு, வாய் ஒண்ணு. ஏழு தடவை போய் வரணும். அதுவரைக்கும் தண்ணி காத்திருக்குமா?"

"இது பொதுக்காரியம்மா. வீட்டுக் கதையெல்லாம் இங்க எடுக்காதே" என்றார் பெருமீசை. தம்பிமார் கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

குறுவாலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அழுதுகொண்டு உட்காரவில்லை. மற்றத் தாயெலிகளைக் கூப்பிட்டாள். "நாம ஓட வேண்டாம். என் வளையிலேர்ந்து மேடு வரைக்கும் வரிசையா நிப்போம். குட்டிகளை ஒருத்தி வாயிலேர்ந்து அடுத்தவ வாய்க்குக் கொடுத்துக்கிட்டே போவோம்."

தலைவரின் மனைவி சாம்பலி தயங்கினாள். "அடுத்தவ வாய் பட்ட குட்டி தங்காதுன்னு சொல்லுவாங்களே, அக்கா."

"போன வருஷம் என் குட்டிகளை யாரும் தொடலை. தங்குச்சா?"

சொல்லிவிட்டுத் தன் கடைக்குட்டியைத் தூக்கிச் சாம்பலியின் வாயில் கொடுத்தாள். சாம்பலி அதைப் பதமாகக் கவ்விக்கொண்டாள்.

முதல் நாள் கோரைக்கிழங்கை வைத்துப் பழகினார்கள். கீழே கொடுத்தது பத்து, மேட்டுக்கு வந்து சேர்ந்தது மூன்று. எலி வாயில் கிழங்கைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? மறுநாளிலிருந்து கூழாங்கல்தான்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. ஒரு நண்பகலில் தவளை மூன்று முறை கத்தியது. காவல் குழு பத்து மூச்சில் மேட்டில் நின்றது. பெருமீசை தலைகளை எண்ணினார். குழுவில் ஒருவரும் குறையவில்லை. மீசையை முறுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தன் ஐந்து குட்டிகளும் கீழே இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அலறியடித்துக்கொண்டு இறங்கினார். சரிவு முழுக்கத் தாயெலிகள் வரிசையாக நின்றார்கள். ஆனால் நடுவில் மழைத்தண்ணீர் வாய்க்காலாகப் பெருகி வரிசை அறுந்திருந்தது. அந்த இடைவெளியில் நிற்க ஓர் ஆள் குறைந்தது.

"எல்லாரும் நான் சொல்றதைக் கேளுங்க…" என்று அங்கே நின்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் சாம்பலி ஒரு குட்டியை வைத்தாள்.

"பேசாம மேல குடுங்க."

பேச முடிந்தால்தானே? கொடுத்தார். அடுத்தது வந்தது. அதையும் கொடுத்தார். அவருடைய ஐந்து குட்டிகளும் அப்படித்தான் மேலே போய்ச் சேர்ந்தன. தம்பிமாரும் இறங்கி வந்து ஆளுக்கோர் இடத்தில் நின்றார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்ற குறுவாலி கடைசியாகத் தன் ஏழாவது குட்டியை நீட்டினாள். அதுவும் பெருமீசையின் வாய் வழியாகத்தான் மேடு ஏறியது.

குறுவாலி மேலே வந்து எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழுதான். போன வருஷத்து அழுகையையும் சேர்த்து அப்போது அழுதாள்.

அடுத்த ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்கள். "தலைவரே, ரெண்டு வார்த்தை பேசலையா?" என்று தவளை கேட்டது. வரிசையின் நடுவில் நின்ற பெருமீசை தலையை மட்டும் ஆட்டினார். அவர் வாயில் கூழாங்கல் இருந்தது.

குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறவளைக் கேட்காமல் போட்ட வெள்ளத் திட்டம் கரை சேராது.