காதைத் தூக்கின மான்

உம் கொட்டுங்க புள்ளைகளா, உம் கொட்டாதவுக காதுக்குக் கதை வராது. ஒரே ஒரு ஊர்ல செண்பகவல்லின்னு ஒரு ராணி இருந்தாளாம். அவளுக்கு ஒரே தம்பி, கதிரவேலு. வேட்டைக்குப் போன தம்பி திரும்பி வரலை. கூடப் போன மந்திரி மட்டும் வந்து, "தாயே, தம்பியைப் புலி அடிச்சிருச்சு, கருமாதியை முடிச்சிருவோம்"னு மூக்கைச் சிந்தினான். ராணி, "உடம்பைக் கண்ணால பாக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன்"னுட்டா. அன்னையில இருந்து அவளுக்குச் சோறும் இறங்கலை, தூக்கமும் வரலை, பேச்சும் வரலை.

அவ மனசு மாறட்டும்னு படம் எழுதுற குருவம்மாவைக் கூட்டியாந்தாக. அவ அரண்மனைச் சுவர்ல ஒரு கதைப் படம் எழுதினா. பெரிய காடு, மேல கருமேகம், நடுவுல ஒத்தை மான். அம்புட்டுத்தான். ஆனா அந்த மான் ஒரு காதை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க, பாத்தவுகளுக்கெல்லாம் நெஞ்சைப் பிசைஞ்சுச்சாம்.

ராணி வாயைத் திறந்தா. "ஏம்மா குருவம்மா, இந்த மான் எதைக் கேக்குது?"

"நான் சொல்லிட்டா படம் செத்துப்போகும் தாயி. பாக்கிறவுகளைக் கேளுங்க."

ராணி சமையக்காரியைக் கேட்டா. அவ வீட்டுக் கூரை ஒழுகுற கூரை. "மழை இரையுதும்மா, எங்கிட்டு ஒதுங்கலாம்னு கேக்குது"ன்னா. அப்புறம் தளபதியைக் கேட்டா. "எதிரிக் குதிரை வருது, குளம்புச் சத்தம்"னான். அப்புறம் துணி வெளுக்கிறவளைக் கேட்டா. அவ மகளைத் தூரத்து ஊர்ல கட்டிக்குடுத்திருந்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "குட்டி கூப்பிடுது தாயி"ன்னா. மான் ஒண்ணுதான், அவுகவுக மனசுல இருக்கிற சத்தம்தான் அதுக்குக் கேக்குது. ஏய், காலை மடக்கி உக்காரு, மந்திரி வாரான்.

மந்திரி வந்து இந்தப் பக்கம் நின்னான், அந்தப் பக்கம் நின்னான், படத்தை நிமுந்து பாக்கவே மாட்டேங்கிறான். வேர்த்துக் கொட்டுது. "தாயே, முதல்ல இதை அழிக்கச் சொல்லுங்க. துக்க வீட்டுக்கு ஆகாது."

"ஏன் மந்திரி? அது எதைக் கேக்குது?"

"எதையா? கிணத்துக்குள்ள ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கான், அதைத்தான்! பகல்லயும் கேக்குது, ராவுலயும் கேக்குது, காதைப் பொத்தினாலும் கேக்குது!"

ராணி படத்தைத் திரும்பப் பாத்தா. மரம் இருக்கு, மேகம் இருக்கு, மான் இருக்கு.

"மந்திரி, இதுல கிணறு எங்கே இருக்கு?"

அவன் வாசலைப் பாத்து நழுவப் பாத்தான். ராணி காட்டுக்கு ஆள் விட்டா. அங்க ஒரு பாழுங்கிணத்துல எலும்பும் தோலுமா கதிரவேலு கிடந்தான். கருமாதி முடிஞ்சா தன் மகனை ராணிக்குத் தத்துக் குடுத்து ராஜாவாக்கிரலாம்னு மந்திரிதான் தள்ளிவிட்டிருக்கான். கொல்லக் கை வரலை, விட மனசு வரலை, அப்பப்ப சோத்து மூட்டையைப் போட்டுட்டு வந்திருக்கான். அரண்மனைக்குத் தூக்கியாந்ததும் தம்பி "அக்கா"ன்னான், அவ்வளவுதான், ராணி கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

மந்திரியை அதே கிணத்துல இறக்கினாக. சோறு போட்டாக. ஆனா அவன் கூப்பிட்டா யாரும் ஏன்னு கேக்கலை.

"இப்பவாச்சும் சொல்லு குருவம்மா, மான் எதைக் கேக்குதுன்னு எழுதினே?"

"கோவிச்சுக்காதீக தாயி. காது எழுதையில கை வழுக்கி நீண்டு போச்சு. அழிக்க மனசில்லாம தூக்கி விட்டுட்டேன்."

தம்பி காணாமப் போனதுக்கு அப்புறம் ராணி அன்னிக்குத்தான் சிரிச்சாளாம்.

படத்துல பாதி எழுதினவ கை, மீதி பாக்கிறவன் மனசு. மனசு சுத்தமா இருந்தா எந்தச் சுவரைப் பாத்தும் பயப்பட வேணாம். மான் காட்டுக்குள்ள, தம்பி வீட்டுக்குள்ள, கதை உங்க காதுக்குள்ள.